பிரசவ வார்டு சிஸ்டருக்கு எந்தத் தாய்ப்பால் பயிற்சி: ஆன்லைனா, 20 மணி நேரமா, ஐபிசிஎல்சியா?

குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், தக்கலைப் பக்கத்துச் சிறிய நர்சிங் ஹோமானாலும், தாய் பாலூட்ட உதவுவதில் பிரசவ வார்டில் நிற்கும் சிஸ்டரின் கை பழகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பயிற்சிகளை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

ஆன்லைன் வகுப்பில் செலவு குறைவு, நைட் டியூட்டி முடித்துவிட்டும் பார்க்கலாம். பால் சுரக்கவும் வெளிவரவும் வைக்கும் ஹார்மோன்களான புரோலாக்டின், ஆக்ஸிடோசின் பற்றியும் சீம்பால் பற்றியும் புரிந்துகொள்ள அது போதும். கைப்பழக்கம் மட்டும் வராது. வீடியோ பார்த்துவிட்டு வருபவர், பிள்ளையின் பின்னந்தலையைப் பிடித்து மார்பில் அமுக்குவார். பிள்ளை முதுகை வளைத்து விலகும். உடனே ‘பால் பத்தல’ என்று பேச்சு கிளம்பி, பவுடர் பால் டப்பா வந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2009-இல் வகுத்த 20 மணி நேரப் பயிற்சியின் பலமே, அதில் குறைந்தது 3 மணி நேரம் தாய்மாரோடு செய்முறை என்பதுதான். பிள்ளையின் வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பைத் தொட்டு, காம்பைச் சுற்றிய கருவளையம் கீழே குறைவாகவும் மேலே அதிகமாகவும் தெரிகிறதா என்று அங்கே நேரில் பார்த்துப் பழகலாம். கையால் பால் பீய்ச்சுவதும் அப்படியே: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்க்க வேண்டும். காம்பையே பிடித்து இழுத்தால் பாலும் வராது, புண்ணும் ஆகும். முதல் நாள் சில சொட்டுகள்தான் வரும்; பால் புகட்டும் நம்மூர் பாலாடை (சங்கு) அதற்கு வசதி.

கேட்கும் பழக்கமும் இங்கேதான் வரும். ‘சேனை (பிறந்த பிள்ளையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பது) வைக்கக் கூடாது’ என்று பாட்டியை அதட்டுவதைவிட, “பிள்ளைக்கு ஏதாவது தொட்டு வச்சீங்களா அம்மா?” என்று தொடங்கினால் உண்மை வெளிவரும்.

ஐபிசிஎல்சி (IBCLC) எனும் சர்வதேச தாய்ப்பால் ஆலோசகர் சான்றிதழ் வேறு ரகம். 95 மணி நேரப் படிப்பு, வழியைப் பொறுத்து 300 முதல் 1,000 மணி நேர நேரடி அனுபவம், அதற்குமேல் தேர்வு; சான்றிதழ் 5 ஆண்டுக்குத்தான். குறைப்பிரசவம், பிளவு அண்ணம் போன்ற சிக்கல்களுக்கு ஆஸ்பத்திரிக்கு ஒருவர் இருந்தால் பெரிய பலம். எல்லாரையும் அனுப்புவது வீண்.

பால் பவுடர் கம்பெனி செலவில் இலவச வகுப்பா? தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொருட்களைக் கட்டுப்படுத்தும் 1992 இந்தியச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் அதைத் தடுக்கின்றன. வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

எங்கள் தேர்வு: பாடம் ஆன்லைனில், செய்முறை வார்டில், ஷிப்டுக்கு நாலைந்து பேராக. ஒரு மாதம் கழித்து ஒவ்வொருவரும் பாலூட்டல் ஒன்றை முழுதாகக் கவனித்து, தாய்க்கு உதவிக் காட்டட்டும். அதுவரை சான்றிதழ் கையில் கொடுக்க வேண்டாம்.