கைத்தடியா, நாலு கால் ஸ்டிக்கா, வாக்கரா: முட்டி தேய்ந்தவருக்கு எது சரி?

முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் விழுவதற்கு வலி மட்டுமே காரணமில்லை. வலிக்குப் பயந்து காலுக்கு வேலை கொடுக்காமல் விட, முன்தொடைத் தசை மெலிந்துபோகிறது. கால் எப்படி மடங்கியிருக்கிறது என்று மூட்டிலிருந்து மூளைக்குப் போகும் தகவலும் மங்குகிறது. படி இறங்கும்போது முட்டி சட்டென்று மடங்கிவிடுவது இதனால்தான்.

ஒரு பக்க முட்டிதான் அதிகம் படுத்துகிறது என்றால், என் ஓட்டு சாதாரணக் கைத்தடிக்கு. ஆனால் பலர் தடியை வலிக்கிற கால் பக்கமே பிடிக்கிறார்கள். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது கால் எட்டு வைக்கும்போதே தடியும் முன்னால் போக வேண்டும். அப்போதுதான் முட்டியின் பாரம் குறையும். உயரமும் முக்கியம். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். தாத்தா வைத்திருந்த தடி பாட்டிக்குச் சரிவராது. அடியிலுள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். ஈர டைல்ஸில் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும்.

நாலு கால் ஸ்டிக் கடையில் பார்க்க உறுதியாகத் தெரியும். கையை எடுத்தாலும் நிற்கும், அது வசதிதான். ஆனால் நாலு காலும் ஒன்றாகத் தரையில் படிந்தால்தான் அந்த உறுதி. நம் தெருவில் அதற்கு எங்கே போவது? குறுகலான மாடிப்படியில் வைக்கவும் இடம் போதாது. வீட்டுக்குள் நிதானமாக நடப்பவருக்குப் பரவாயில்லை.

இரண்டு முட்டியும் மோசம், தடி இருந்தும் தள்ளாட்டம் என்றால், கௌரவம் பார்க்காமல் வாக்கர்தான். நிலைப்படியில் அதைத் தூக்கி வைத்துத் தாண்டவேண்டும், மாடிப்படிக்கு ஆகாது, கையில் ஒரு டம்ளர் காபிகூட எடுத்துப் போக முடியாது. இவ்வளவு தொல்லை இருந்தாலும் தள்ளாடுகிறவருக்கு அதுதான் பாதுகாப்பு.

முட்டியில் மாட்டும் துணி உறையான ‘நீ கேப்’ (knee cap)? கதகதப்பும் கொஞ்சம் தைரியமும் தரும், பாரம் தாங்காது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல், நடையே பாதிக்கப்பட்டவர்களுக்கு வலுவாகப் பரிந்துரைப்பது கைத்தடியையும், மூட்டை விறைப்பாகத் தாங்கிப் பிடிக்கும் முட்டிக்கான பிரேஸையும். அந்த பிரேஸ் வேறு, துணி உறை வேறு.

இவையெல்லாம் முட்டுக்கொடுப்பவைதான். கால் பலத்தைத் திருப்பித் தருவது பயிற்சி. முதியவர்கள் உடற்பயிற்சி செய்தால் விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது என்கிறது பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் கோக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வு. பொதுவாக வயதானவர்களை வைத்துச் சொன்ன கணக்கு அது. மூட்டு நோயாளிகளுக்கு மட்டுமானதல்ல. “நான்தான் தினமும் வாக்கிங் போகிறேனே” என்றால் போதாது. நாற்காலியிலிருந்து முடிந்தவரை கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது போன்றவை வேண்டும்.

அப்புறம், ஒரு சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். அவ்வளவு நேரம் ஆகிறதென்றால் ஆன்லைனில் ஸ்டிக் ஆர்டர் போடுவதற்கு முன் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை நடந்து காட்டுங்கள். எது வேண்டும், என்ன உயரத்தில் வேண்டும் என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.