நாற்பதைத் தாண்டியவருக்கு எது சரி: டபாட்டாவா, நார்வே முறையா, வேக நடையா?

போன வருடம் என் தம்பி ஒரு ஜிம்மில் ஸ்பின்னிங் கிளாஸில், அதாவது நிலைசைக்கிளை வேகமாக மிதிக்கும் குழு வகுப்பில், சேர்ந்தான். வயது 41, நாள் முழுக்க நாற்காலி வேலை. முதல் நாளே 45 நிமிடம். கால் கெஞ்சும்போதெல்லாம் "இன்னும் கொஞ்சம், விடாதீங்க" என்றாராம் ட்ரெய்னர். இவனும் விடவில்லை. மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினான். மூன்றாம் நாள் காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. தொடை இரண்டும் வீங்கி, தொட்டால் கல் மாதிரி இருந்தன. ராப்டோமயோலிசிஸ், அதாவது தசைச் சிதைவு என்றார் டாக்டர். நான்கு நாள் சலைன் ஏற்றினார்கள்.

தசை நார்கள் அளவுக்கு மீறிச் சிதையும்போது அவற்றுக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீரின் நிறம் மாறுவதும் அதனால்தான். பழக்கமில்லாதவர்களுக்குத்தான் இது வரும் என்றும் நினைக்க வேண்டாம். 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் 13 பேர் இதே பிரச்சினையோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மூன்று வார விடுமுறை முடிந்து வந்த கையோடு, எடை தூக்கி 100 ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) செய்திருந்தார்கள். விளையாட்டு வீரர்களுக்கே மூன்று வார இடைவெளி இப்படி என்றால், பத்து வருடம் உட்கார்ந்தே இருந்தவரின் தொடைக்கு முதல் நாளில் 45 நிமிடம் எப்படி இருக்கும்?

ஜிம்களில் அதிகம் அடிபடும் பெயர் டபாட்டா. ஜப்பானில் இசுமி டபாட்டா குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டுச் சுற்று. மொத்தமே நான்கு நிமிடம்தான். ஆறு வாரத்தில் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறனும் ஏறியது, மூச்சு வாங்க நேரமில்லாத குறுகிய கடும் உழைப்புக்கான திறனும் 28 சதவீதம் ஏறியது. பலன் உண்மை. ஆனால் செய்தவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள். ஆய்வகத்தில், நிலைசைக்கிளில் செய்தார்கள். மிதிக்கும் வேகம் நிமிடத்துக்கு 85 சுற்றுக்குக் கீழே இறங்கினால் அத்தோடு நிறுத்தம். நம் ஜிம்களில் இதே பெயரில் பர்ப்பி, ஜம்ப் ஸ்குவாட் என்று குதிக்கும் பயிற்சி எல்லாம் கலந்து 40 நிமிடம் ஓட்டுகிறார்கள். அங்கே உடம்பு தளர்ந்தால் நிறுத்தினார்கள், இங்கே தளர்ந்தால் கைதட்டி ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு.

தசையை விடப் பெரிய கவலை இதயம். 1993-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, கடும் உழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கணக்கிட்டது. வாரம் ஐந்து நாளாவது பயிற்சி செய்பவர்களுக்கு அது வழக்கத்தைவிட 2.4 மடங்கு. வாரத்துக்கு ஒரு முறைகூடச் செய்யாதவர்களுக்கு 107 மடங்கு. ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பே மிகச் சிறியது என்பதால் பதறத் தேவையில்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் தூரத்தைப் பாருங்கள். நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 18 முதல் 45 வயது வரையிலானவர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டது. இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் கடும் உடலுழைப்பு, அளவு மீறிய குடி, குடும்பத்தில் முன்பே திடீர் மரணம் நடந்திருப்பது ஆகியவை வாய்ப்பைக் கூட்டும் காரணங்களில் இருந்தன.

சரி, அப்படியானால் தீவிரப் பயிற்சியே வேண்டாமா? அங்கேதான் நார்வே முறை வருகிறது. பத்து நிமிடம் உடலைச் சூடாக்கி, நான்கு நிமிடம் உச்ச இதயத் துடிப்பில் 85 முதல் 95 சதவீதம் வரை, பிறகு மூன்று நிமிடம் மெதுவாக. இப்படி நான்கு சுற்று. பேச முடியாது, ஆனால் விழுந்துவிடவும் மாட்டோம். நார்வேயில் 4,846 இதய நோயாளிகளை மருத்துவக் கண்காணிப்பில் பார்த்தபோது, மிதமான பயிற்சியில் 1,29,456 மணி நேரத்துக்கு ஓர் இதய நிறுத்தம், தீவிரப் பயிற்சியில் 23,182 மணி நேரத்துக்கு ஒன்று. இரண்டுமே அரிது. மொத்தமே மூன்று பேருக்குத்தான் நடந்தது என்பதால் ஒப்பீட்டையும் நிதானமாகத்தான் பார்க்க வேண்டும்.

வேக நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. வாரம் 150 முதல் 300 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஷூவைத் தவிரச் செலவில்லை.

புதிதாகத் தொடங்கும் நாற்பது வயதுக்காரருக்கு என் தேர்வு இது: முதல் மூன்று மாதம் நடை மட்டும். அப்புறம் வாரத்தில் ஒரு நாள் நார்வே முறை, அதுவும் இரண்டு சுற்றில் தொடங்கி. சர்க்கரை, பிபி, நெஞ்சுவலி, குடும்பத்தில் இதய நோய் என்று எது இருந்தாலும் முதலில் டாக்டர். டபாட்டாவை ஏற்கெனவே நன்கு பழகியவர்களுக்கு விட்டுவிடலாம். குரூப் கிளாஸுக்குத்தான் போவேன் என்றால் முதல் மாதம் பாதி அளவே செய்யுங்கள், நடுவில் எழுந்து வர வெட்கப்படாதீர்கள். காய்ச்சல் நாளிலும், மே மாத வெயில் நேரத்திலும் வேண்டவே வேண்டாம். சிறுநீர் கறுத்தால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தம்பி இப்போது விடியற்காலையில் ஏரிக்கரையில் நடக்கிறான். போன வாரம்தான் முதல் முறையாக இரண்டு சுற்று வேகமாக ஓடினான். மூன்றாவதுக்கு ஆசைப்பட்டானாம், நின்றுவிட்டான்.