இஸ்டிஜிட்டை நம்பலாமா? பைத்தானின் எண் சோதனை வசதிகள்

பயனர் தட்டச்சு செய்தது எண்தானா என்று பார்க்கப் பைத்தான் நிரல்மொழியில் இஸ்டெசிமல், இஸ்டிஜிட், இஸ்நியூமெரிக் என மூன்று வசதிகள் இருக்கின்றன. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்றும் ஒவ்வோர் எழுத்தும் எந்த வகை என்று மட்டுமே பார்க்கின்றன. சேர்த்துப் படித்தால் அது எண்ணா என்பது அவற்றின் கவலை இல்லை. ‘-5’ கொடுத்தால் இஸ்டிஜிட் கைவிரிக்கிறது. ‘3.14’க்கும் அதே பதில். கழித்தல் குறியும் புள்ளியும் இலக்கங்கள் அல்லவே!

தமிழ் எண்களைக் கொடுத்துப் பார்ப்பது சுவாரசியமானது. ‘௧௨’ மூன்றிலும் தேறிவிடுகிறது. எழுத்துகளை முழு எண்ணாக மாற்றும் இன்ட் அதை 12 என்றே மாற்றித் தருகிறது. பத்தைக் குறிக்கும் ‘௰’ இஸ்நியூமெரிக்கில் மட்டும் தேறும், இன்ட் அதை ஏற்காது. அது இடமதிப்பு முறையில் வரும் இலக்கம் அல்ல என்பதால் இதில் எனக்குக் குறையில்லை. மேலே ஏறி நிற்கும் ‘²’ விஷயத்தில்தான் இஸ்டிஜிட்மீது கோபம் வருகிறது. இலக்கம்தான் என்று சான்று கொடுத்து அனுப்பிவிடுகிறது. அடுத்த வரியிலேயே இன்ட், மதிப்பு சரியில்லை என்னும் வேல்யூஎரர் பிழையை எழுப்பி நிரலை நிறுத்துகிறது. இப்படி ஒரு சோதனை எதற்கு?

என் ஓட்டு இன்ட்டுக்கும், தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட்டுக்கும்தான். பிழை வந்தால் சமாளிக்க உதவும் ட்ரை பகுதிக்குள் மாற்றிப் பார்த்து, வேல்யூஎரர் வந்தால் பிடித்துக்கொள்வது நேர்மையான வழி. முன்னும் பின்னும் ஒட்டிவரும் இடைவெளியை இவை பொருட்படுத்துவதில்லை. 3.6 பதிப்பு முதல் ‘1_000’ கூடச் செல்லுபடியாகும், ஆனால் ‘1,000’ செல்லாது. படிவம் நிரப்புகிறவர் எவராவது அடிக்கோடு போடுவாரா? காற்புள்ளியை நாமே நீக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஃப்ளோட்டில் ஒரு கண்ணிவெடி உண்டு. ‘எண் அல்ல’ என்பதைக் குறிக்கும் என், ஏ, என் ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளைக் கொடுத்தால் அது பிழை சொல்லாமல் வாங்கிக்கொள்ளும். மதிப்பெண் பெட்டியில் ஒருவர் அதைத் தட்டிவிட்டார் என்று வையுங்கள். 0ஐவிடக் குறைவா என்றால் இல்லை; 100ஐவிட அதிகமா என்றாலும் இல்லை. வரம்பு மீறினால் நிராகரி என்று எழுதிய நிபந்தனை அதை அப்படியே உள்ளே விட்டுவிடும். பிறகு சராசரி எடுத்தால் வகுப்பு முழுவதற்கும் அதுவே விடையாக வரும். மேத் தொகுதியில் உள்ள இஸ்ஃபைனைட் இதையும் முடிவிலியையும் சேர்த்தே தடுத்துவிடும். ஃப்ளோட்டுக்கு அடுத்த வரியில் அதை எழுதிவிடுங்கள்.