காலால் இயக்கும் மிடி பெடல்கள்: ரவானுக்கும் வயலினுக்கும் எது ஒத்துவருகிறது?

மொரீஷியஸின் தோல்வாத்தியமான ரவானை வாசிக்கும்போது இரண்டு கையையும் தோலை விட்டு எடுக்க முடியாது. லேப்டாப்பில் லூப் பிடிக்க, அதாவது வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டுமானால், காலைத்தான் நம்ப வேண்டும். அதற்குத்தான் மிடி பெடல்; மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் முறை. மொரீஷியஸின் ரோஸ் ஹில் பக்கம், அந்தத் தீவின் நாட்டுப்புற இசையான சேகா கச்சேரிகளில் ரவானும், கோவில் நிகழ்ச்சிகளில் வயலினும் வாசிக்கிறவன் நான். பல வருஷமாகப் பலவகைப் பெடல்களை மிதித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் எனக்கு உறுதியாகிவிட்டது. வாங்கும்போது எத்தனை சுவிட்ச் என்று எண்ணாதீர்கள். அமுக்கும்போது என்ன செய்தி போகிறது, காலை எடுக்கும்போது என்ன போகிறது என்று கேளுங்கள்.

நான் பயன்படுத்துவது ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் உள்ள லூப்பர். அதில் ஒரே ஒரு பெரிய பட்டனைப் பெடலோடு இணைத்தால் போதும். ஒரு தட்டில் பதிவு தொடங்கும், அடுத்த தட்டில் லூப் ஓடும், இரட்டைத் தட்டில் நிற்கும். ஓடும்போது இரண்டு விநாடி அமுக்கிப் பிடித்தால் கடைசியாகச் சேர்த்தது அழியும். இந்த அழிக்கும் வசதி வேலை செய்ய, கால் எடுத்ததும் கணினிக்குத் தெரிய வேண்டும். அதற்கு, அமுக்கியிருக்கும் வரை மட்டும் ஆன் ஆகும் மொமெண்டரி சுவிட்ச்தான் சரி. ஒரு மிதிக்கு ஆன், மறு மிதிக்கு ஆஃப் என்று மாறும் லேட்சிங் வகை இதற்கு உதவாது.

இன்னொன்றும் உண்டு. நீண்ட அமுக்கலுக்குத் தனி வேலை கொடுக்கும் சில பெடல்கள், சாதாரணத் தட்டின் செய்தியைக் கால் எடுத்த பிறகே அனுப்பும். சேகாவின் ஆறு-எட்டு தாளத்தில் அந்தச் சிறு தாமதமே லூப்பை நொண்ட வைத்துவிடும். தட்டைத் தாளத்தோடு தானாகச் சேர்க்கும் குவாண்டைஸ் போட்டு மறைக்கலாம். ஆனால் நான் கிளிக் (தாளம் காட்டும் ஒலி) இல்லாமல் வாசித்து, லூப்பின் நீளத்திலிருந்தே டெம்போவை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அங்கே மறைக்க எதுவும் இல்லை.

பெஹ்ரிங்கர் எஃப்சிபி1010 கனமான பெட்டி, எவ்வளவு மிதித்தாலும் நகராது. பத்து எண் சுவிட்சும், ஒலியளவு போன்றவற்றைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கும் இரண்டு எக்ஸ்பிரஷன் பெடலும் உள்ளன. யுஎஸ்பி கிடையாது, ஐந்து முள் மிடி கேபிளும் ஒரு இண்டர்ஃபேஸும் தேவை. பெட்டியின் மூல மென்பொருளில் சிசி (கண்ட்ரோல் சேஞ்ச் என்ற மிடி கட்டளை) செய்தி அமுக்கும்போது மட்டுமே போகும். வேறு மென்பொருள் கொண்ட யூனோ சிப்பை மாற்றிப் போட்டால் மொமெண்டரி கிடைக்கும். சேகா மேடைக்கு இதையே எடுத்துப்போகிறேன்.

கோவிலில் கதை வேறு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும், வெறுங்காலுக்கு இரும்புக் குமிழ் உறுத்தும். கீத் மெக்மில்லனின் சாஃப்ட்ஸ்டெப் தட்டையானது, ரப்பர் மேற்பரப்பு, யுஎஸ்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், லேப்டாப் பையிலேயே அடங்கிவிடும். அழுத்தத்தின் அளவையும் உணரும். 'டக்' என்று பதியாததால், ஷூ போட்டிருந்தால் அமுங்கியதா என்று காலுக்குத் தெரியாது. வெறுங்காலுக்கு இதைவிடச் சுகமானது நான் பார்த்ததில்லை.

தரையில் உட்கார்ந்து வயலின் வாசித்தால் வலது கால் வாத்தியத்தின் தலைப்பகுதியைத் தாங்கிக்கொண்டிருக்கும், அதை அசைக்கவே முடியாது. அதனால் கீபோர்டுக்கு வைக்கும் சாதாரண சஸ்டெயின் பெடல் ஒன்றை இடது முழங்காலுக்கு அடியில் வைத்து, முழங்காலைச் சாய்த்து அமுக்குகிறேன். தம்பூராச் சுருதியைத் தொடங்க, நிறுத்த அது ஒன்றே போதும்.

புளூடூத் பெடலை நம்பி மேடை ஏறாதீர்கள். கூட்டம் நிறைந்த ஹாலில் என் பெடலின் இணைப்பு பாட்டின் நடுவிலேயே அறுந்தது.

எக்ஸ்பிரஷன் பெடலைத் தனியாக வாங்குகிறவர்கள் வயரிங்கைப் பாருங்கள். ரோலண்ட் இவி-5, யமஹா எஃப்சி7 இரண்டும் பார்வைக்கு ஒரே வேலைதான், உள்ளே இணைப்பு வரிசை வேறு. பொருந்தாததைச் செருகினால் மிடி மதிப்பு 0 முதல் 127 வரை சீராக ஏறாமல் ஒரு மூலையில் திடீரென்று குதிக்கும். எம்-ஆடியோ இஎக்ஸ்-பி பெடலில் இதை மாற்ற அடியில் ஒரு சிறு சுவிட்சே இருக்கிறது. உங்கள் கருவிக்கு எந்த வரிசை வேண்டும் என்று தெரியாவிட்டால் அதையே வாங்குங்கள்.