ஜார்ஜ்டவுன் அடிமைமுறை ஆவணக் காப்பகம்: 1838 விற்பனையைப் படிக்க நல்ல இணையதளம்

அமெரிக்காவில் மனிதர்களை விற்ற பத்திரங்களைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் இந்தத் தளத்தைத்தான் சொல்வேன். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தினுடையது. கட்டணம் கிடையாது. மேரிலாந்தில் இருந்த இயேசு சபையினர் (கத்தோலிக்கத் துறவிகள்) 1838ல் 272 பேரை லூசியானாவுக்கு விற்ற காகிதங்களை அசல் கையெழுத்தின் படத்தோடும், படிக்கத் தெளிவான எழுத்துப் படியோடும் வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 19 தேதியிட்ட ஒப்பந்தத்தை முதலில் எடுங்கள். சபையின் சார்பில் விற்றவர் தாமஸ் மல்லடி என்ற பாதிரியார்; வாங்கியவர்கள் ஹென்றி ஜான்சன், ஜெஸ்ஸி பேட்டி. விலை 1,15,000 டாலர். அதில் 25,000 முன்பணம், மீதி வட்டியோடு தவணையில். தொகையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பெயர் வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. 65 வயது ஐசக், அவருடைய மூத்த மகன் சார்லஸ் 40, மகள் நெல்லி 38, அடுத்து ஹென்னி 13, சிசீலியா 8, ரூத்தி 6. ஆறு வயதுக் குழந்தையும் அதே பட்டியலில்! உறவுமுறையோடு வரிசையாக எழுதியதால்தான் இன்று வாரிசுகளால் குடும்பத்தைக் கோத்துப் பார்க்க முடிகிறது. ஆனால் இங்கே குடும்பப் பெயர் இல்லை. வெறும் ‘சார்லஸ்’ என்று தேடினால் யார் யாரோ வந்து நிற்பார்கள். பெயரோடு வயதையும், முன்னும் பின்னும் இருக்கும் பெயர்களையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ‘கேத்தரின் ஜாக்சன்’ கப்பலின் பட்டியல். 1838 நவம்பரில் வாஷிங்டன் பக்கத்து அலெக்சாண்ட்ரியாவில் புறப்பட்டு டிசம்பரில் லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் சேர்ந்த கப்பல். பெயர், பாலினம், வயது, உயரம், நிறம் என்று பத்தி பத்தியாக இருக்கும். உயரம் எதற்கு என்று தோன்றும். ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களை இறக்குமதி செய்வதைத் தடை செய்த 1807 சட்டம், உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே அடிமைகளை ஏற்றிப் போகும் கப்பல்களுக்கும் இந்தப் பட்டியலைக் கட்டாயமாக்கியது. ஏறியவர்தான் இறங்குகிறாரா என்று துறைமுக அதிகாரி சரிபார்க்க இந்த விவரங்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் பெயர் இருந்தால் லூசியானா போய்விட்டதாக எழுதிவிடுகிறார்கள். அது தவறு. சிலர் தப்பி ஓடினார்கள். கணவனோ மனைவியோ பக்கத்துத் தோட்டத்தில் இருந்ததால் சிலர் மேரிலாந்திலேயே தங்கினார்கள். ஒப்பந்தம் யாரை விற்க முடிவு செய்தார்கள் என்று மட்டுமே காட்டும். யார் ஏறினார்கள் என்பதற்குக் கப்பல் பட்டியலைப் பாருங்கள்.

குறை என்றால், பெயர்களின் எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது. வாங்கிய ஜெஸ்ஸி பேட்டியின் பெயரே அப்படித்தான். இரண்டு மூன்று விதமாகத் தேடுங்கள். எழுத்துப் படியை மட்டும் நம்பாமல் வயதைப் படத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

லூசியானாவில் கால் வைத்த பிறகு நடந்ததற்கு இந்தத் தளம் மட்டும் போதாது. 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்பில் உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பாலினம், நிறம் போன்றவைதான் வரும்; அடிமைகளின் பெயர் பெரும்பாலும் வராது. கத்தோலிக்க தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பாருங்கள். பிறகு, விடுதலை பெற்றவர்கள் பெயரோடு பதிவான 1870 கணக்கெடுப்புக்குப் போங்கள்.