கடலைக் கொல்லையில் ஸ்பிரிங்க்ளர்: பல பட்டம் ஓட்டிப் பார்த்த பிறகு

முத்தாண்டிக்குப்பம் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் செம்மண் கொல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடிக்கிற வரைக்கும் முந்திரி நின்ற நிலம். மரம் போன பிறகு கடலைக்கு மாறினோம். ஒரு போர், 5 எச்.பி. மோட்டார், அதோடு மானியத்தில் வந்த ஸ்பிரிங்க்ளர் (தெளிப்பு நீர்) செட். இடம் மாற்றிப் போடுகிற 20 அடி எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாய்கள், கொக்கி, ரப்பர் வாஷர், நிற்கிற குழாய், மேலே சுழலும் நாசில். இதை வைத்து ஆடியிலும் மார்கழியிலும் பட்டம் தவறாமல் கடலை போட்டு வருகிறோம். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தண்ணீர் மிச்சமாகும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆகிறது, ஆனால் நான் இதைக் கைவிடாமல் இருப்பதற்குக் காரணம் மேல்மண். எங்கள் செம்மண் ஒரு மழை பெய்து வெயில் காய்ந்தால் அப்பளம் மாதிரி ஓடு கட்டிக்கொள்ளும். விதை முளைத்து மேலே வர முட்டும். அதுகூடப் பரவாயில்லை, பூ விட்ட பிறகு ஊசி (பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகிற காம்பு) இறங்கும்போதுதான் நஷ்டமே. கடலைச் செடி மேலே பூத்து மண்ணுக்குள் காய்க்கிறது. ஊசி மண்ணைத் துளைக்க முடியாவிட்டால் அந்தப் பூ கணக்கிலேயே சேராது. விதைத்து 26-ம் நாளில் இருந்து 60-ம் நாள் வரைக்கும் மேல் ரெண்டு அங்குலம் ஈரமாக இருக்க வேண்டும். மானாவாரியில் வானம் பார்த்து நிற்பதும் அதே நாட்களுக்குத்தான். கடலூர் மாவட்டத்தில் மழை குறைவு என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டிவிட்டுப் போய்விடும், ஆடிக் கடலைக்கு வேண்டிய நேரத்தில் வராது.

சுண்ணாம்புச் சத்துக்காகப் போடுகிற ஜிப்சம் விஷயமும் இந்த ஈரத்தில்தான் மாட்டுகிறது. ஏக்கருக்கு 160 கிலோ, 40 முதல் 45 நாளுக்குள் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். இங்கே பெரும்பாலும் எல்லோரும் போடுகிறோம். ஆனாலும் பொக்கு (பருப்பில்லாத காய்) வருகிறது. மற்றச் சத்து போல வேர் வழியாகச் செடிக்குள் போய்க் காய்க்கு வந்து சேருகிற சரக்கில்லை சுண்ணாம்புச் சத்து. காய் தன்னைச் சுற்றி இருக்கிற மண்ணிலிருந்து நேராக உறிஞ்ச வேண்டும். மண் காய்ந்து கிடந்தால் ஜிப்சம் கரையாமல் வெள்ளைப் பொடியாகவே கிடக்கும். மண் அணைத்த அன்றே ஒரு தெளிப்பு, பிறகு மண் காய்வதைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறோம். இதற்கு முன் ஏக்கருக்கு 40 கிலோ மூட்டையில் பதினான்கு, பதினைந்து கண்டால் பெரிது. இப்போது நல்ல பட்டத்தில் இருபதைத் தாண்டுகிறது, பொக்கும் குறைவு. ரகமும் மாறியிருக்கிறது (விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. விதைதான் போடுகிறோம்), அதனால் முழுப் பெருமையையும் ஸ்பிரிங்க்ளருக்கே கொடுக்க மாட்டேன். கடலை ரிச் என்கிற சத்துக் கலவையை ஏக்கருக்கு ரெண்டு கிலோ வீதம் ரெண்டு தடவை அடிக்கிறோம். பூ கொட்டுவது குறைந்த மாதிரி தெரிகிறது, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆடியில் மேல்காற்று கிளம்பிவிட்டால் தண்ணீர் பாதி பக்கத்துக் கொல்லைக்குத்தான். விடியற்காலைதான் சரியான நேரம். சாயங்காலம் ஓட்டி ராத்திரி முழுக்க இலை ஈரமாக நின்றால் டிக்கா இலைப்புள்ளி நோயும் துரு நோயும் ஏறும். மும்முனைக் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதானே ஓட்ட முடியும் என்பீர்கள்; நியாயம்தான், அதற்கு என்னிடம் வழியில்லை. குழாயைக் கழற்றி மாட்ட ரெண்டு ஆள் வேண்டும், சேற்றுக்காலோடு செடியை மிதிக்காமல் தூக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு இது பெரிய தலைவலி. வாஷர் வெயிலில் காய்ந்து வெடிக்கும், கடைசி நாசிலுக்குப் போகிறதுக்குள் அழுத்தம் செத்துவிடும். பட்டம் தொடங்கும்போதே ஒரு கட்டு வாஷர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ரெயின் கன் (தூரமாகப் பீய்ச்சுகிற பெரிய நாசில்) ஒரு முறை வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். வேகம் பிரமாதம், ஆனால் பெரிய துளி விழுந்து மண்ணை அடித்து, காய்ந்ததும் மறுபடி ஓடு. கரும்புக்கு ஆகலாம், எங்கள் கடலைக்கு ஆகாது. ரெயின் ஹோஸ் (துளை போட்ட மெல்லிய குழாய்) மலிவு, தூறல் மாதிரி மெல்ல விழும், கடலைக்கு உண்மையில் பொருத்தம். ஆனால் முள் குத்தினாலும் துளை அடைத்தாலும் முடிந்தது கதை. அரை ஏக்கர் வைத்திருக்கிறவர் அதையே வாங்கலாம்.

எதிர்பாராத லாபம் ஒன்று அறுவடையில். காய்ந்த செம்மண்ணில் செடியை இழுத்தால் தழை கையோடு வரும், காய் பூமியிலேயே நின்றுவிடும். முந்தின நாள் லேசாகத் தெளித்துவிட்டுப் பிடுங்கினால் கொத்தோடு வருகிறது. கடலை பிடுங்க வரும் அக்கா ஒருத்தர், "இந்தக் கொல்லைன்னா கை கன்னிப் போவாது, கூப்பிடுப்பா வர்றோம்" என்றார். ஆள் கிடைக்காத காலத்தில் அந்த வார்த்தைக்கு மதிப்பு ஜாஸ்தி. ஒன்று மட்டும்: கொத்து ரக நிலக்கடலைக்கு விதை உறக்கம் கிடையாது, முற்றின காய் ஈரத்தில் கிடந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். மறுநாள் பிடுங்கப் போகிற இடத்தை மட்டும் நனையுங்கள்.

மானியம் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் சிறு விவசாயி சான்று வாங்கி, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதாரோடு போக வேண்டும். எந்தக் கம்பெனி என்பதைவிட, பழுது பார்க்க வருகிற ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருப்பவர்கள் முதலில் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள்; உப்புத் தண்ணீரை இலை மேல் தெளித்தால் ஓரம் கருகும், அவர்களுக்கு இந்தச் செட் சரிப்படாது.