தொப்புள்கொடி ரத்தத்தை என்ன செய்வது? நான்கு வழிகள், ஒரு தங்கையின் கேள்வி

தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். செக்கப்புக்குப் போன இடத்தில், ஸ்கேனுக்காகக் காத்திருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார். கையில் வழவழப்பான ஃபைல், அதில் சிரிக்கும் குழந்தைகளின் படங்கள். அன்று ராத்திரி எனக்கு போன் வந்தது.

"அண்ணா, தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிச்சு வைக்கணுமாம். அதுல இருக்கிற ஸ்டெம் செல் எம்பது வியாதிக்கு மருந்தாம். அறுபதாயிரத்துக்கு மேல ஆகுது, மாசத் தவணையும் இருக்கு. கட்டிடலாமா? பின்னாடி ஏதாவது ஒண்ணுன்னா, நாமதானே பண்ணாம விட்டோம்னு ஆயிடக் கூடாதுல்ல?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை உலுக்கியது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் இந்தப் பயத்தை ஏற்றிவிட்டு, அதே மூச்சில் தவணைத் திட்டத்தையும் நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மறுநாள் முதல் உட்கார்ந்து படித்தேன், தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்டெம் செல் என்றதும் பலருக்குக் கருவைச் சிதைத்து எடுப்பது நினைவுக்கு வருகிறது. அது கரு உருவான சில நாட்களில் அதிலிருந்து எடுக்கப்படும் செல். 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழு தனித்தெடுத்து வளர்த்தது. அதைச் சுற்றிய அறச் சிக்கல் வேறு. இங்கே பேசுவது குழந்தை பிறந்தபின் தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் மிச்சமிருக்கும் ஒரு டம்ளருக்கும் குறைவான ரத்தத்தைப் பற்றி. அதில் ரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், இருக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் இருப்பவையும் இதே வகைதான்.

இந்த ரத்தத்தை வைத்து உலகில் முதல் மாற்று சிகிச்சை 1988இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் எலியான் க்ளூக்மன். ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த சிறுவனுக்கு, புதிதாகப் பிறந்த அவன் தங்கையின் கொடி ரத்தம் ஏற்றப்பட்டது. அவன் பிழைத்தான். கவனியுங்கள்: கொடுத்தது தங்கை, பெற்றது அண்ணன். அவனுடைய சொந்த ரத்தத்தையே உறைய வைத்திருந்தாலும் பயன்பட்டிருக்காது, ஏனென்றால் நோய் அந்தச் செல்களிலேயே எழுதப்பட்டிருந்தது.

முதல் வழி, தங்கையிடம் அந்தப் பெண் விற்க வந்தது: பணம் கட்டி, சொந்தப் பிள்ளைக்காகவே தனியார் வங்கியில் சேமிப்பது. அதில் உள்ள அடிப்படைக் கோளாறு இதுதான். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயோடு பிறந்த குழந்தையின் கொடி ரத்தத்திலும் தலசீமியாதான் இருக்கும். சிறுவயது ரத்தப் புற்றுநோயில்கூட, பல குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே முதல் மரபணுப் பிழை ரத்தத்தில் இருந்திருக்கிறது. அதைத் திரும்ப ஏற்ற எந்த மருத்துவரும் விரும்ப மாட்டார். "எண்பது வியாதி" என்ற பட்டியல் பொய்யில்லை. ஆனால் அதில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது அடுத்தவருடைய செல். இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட கருத்தறிக்கையில், சொந்தக் கொடி ரத்தம் முதல் 20 ஆண்டுகளில் பயன்பட வாய்ப்பு 2,500இல் ஒன்று முதல் 2 லட்சத்தில் ஒன்றுவரை என்று சொல்கிறது. அதை இன்ஷூரன்ஸ் என்று விற்பது தவறு என்பதே அந்த அறிக்கையின் நிலைப்பாடு.

ஃபைலின் பின்பக்கங்களில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்றெல்லாம் இருந்ததாகத் தங்கை சொன்னாள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் அது. ஆட்டிசம் உள்ள 180 குழந்தைகளுக்கு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் கொடி ரத்தம் ஏற்றிப் பார்த்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. எதிர்பார்த்த முதன்மைப் பலன் கிடைக்கவில்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று 2022இல் நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியமும் சொல்லிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, கொடி ரத்தத்தைத் தவிர கொடித் திசு, பல், மாதவிடாய் ரத்தம் போன்றவற்றை வணிக நோக்கில் சேமிக்க அனுமதியே இல்லை.

ஒரே ஒரு நிலையில் நானே "சேமி" என்று சொல்லியிருப்பேன். மூத்த பிள்ளைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்து, இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது என்றால், உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்போது அந்த ரத்தப் பைக்கு, யாருக்கு என்ற பெயர் உண்டு, முகவரி உண்டு. தங்கைக்கு இது முதல் பிரசவம், குடும்பத்தில் அப்படி நோயும் இல்லை.

இரண்டாவது வழி, "சமூக வங்கி" என்று இப்போது விற்பது. சந்தாதாரர்கள் எல்லோரும் தங்கள் பைகளைப் பொதுவில் போட்டு, யாருக்குத் தேவையோ அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். தனியாகப் பூட்டி வைப்பதைவிட இது அறிவியலோடு ஒத்துப்போகிறது, அடுத்தவர் செல்தான் வேண்டும் என்பதையாவது ஒப்புக்கொள்கிறது. எனக்கு உறுத்துவது வேலி. பணம் கட்டியவர் குடும்பத்துக்கு மட்டும் திறக்கும் கதவு அது. ரத்த தானம் செய்தவருக்குத்தான் ரத்தம் என்று அரசு மருத்துவமனையில் யாராவது சொன்னால் நாம் ஏற்போமா?

மூன்றாவது, பொது வங்கி. நியூயார்க்கில் பாப்லோ ரூபின்ஸ்டைன் 1990களின் தொடக்கத்தில் தொடங்கியது இந்த வழியை. சென்னையில் ஜீவன் அறக்கட்டளையும் இந்த முயற்சியில் இறங்கியது. தாய்க்குச் செலவில்லை, உரிமையும் இல்லை. பொருந்தும் நோயாளி யாரோ அவருக்குப் போகும். அறத்தின் பக்கம் பார்த்தால் இதைவிட நேர்மையான ஏற்பாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு பையையும் சோதித்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில் இது திணறுகிறது. தங்கை பிரசவம் பார்க்கும் ஊரில் சேகரிப்பு வசதியும் கிடையாது.

அளவும் ஒரு பிரச்சினை. நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி செல்கள் வேண்டும். 25 கிலோ சிறுமிக்கு 62.5 கோடி, ஒரு நல்ல பை அதை எட்டிவிடும். 60 கிலோ இளைஞனுக்கு 150 கோடி. பெரும்பாலான பைகள் எட்டாது. இந்தக் கணக்கை விற்பனை ஃபைலில் நான் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் அதில் பார்க்கவில்லை. பை நிறைய வேண்டுமென்றால் கொடியைச் சீக்கிரம் கட்டி அறுக்க வேண்டும். ஆனால் ஒரு நிமிஷமாவது பொறுத்துக் கட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு நிமிஷத்தில் கொடியில் துடிக்கிற ரத்தம் பிள்ளைக்குள் போய்ச் சேர்கிறது, பல மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்தாக. ரத்தசோகை இவ்வளவு பரவிக் கிடக்கும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. பைக்கா, பிள்ளைக்கா என்று கேட்டால் என் பதில் பிள்ளைக்கு.

நான்காவது வழியில் பிரசவமே தேவையில்லை. வளர்ந்த நாமே ஸ்டெம் செல் கொடையாளராகப் பதிந்துகொள்வது அது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தால், நம் திசு வகையை, அதாவது நம் செல் யாருக்குப் பொருந்தும் என்று காட்டும் அடையாளத்தை, சோதித்துப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி இப்படிப்பட்ட பதிவேடு. உலகப் பதிவேடுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம். திசு வகை பரம்பரையாக வருவதால், நம்மவருக்குப் பொருத்தம் நம்மவரிடம்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம். தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணந்துவந்த நமக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஆள் வேண்டும்.

பொருந்தும் நோயாளிக்காக அழைப்பு வந்தால் ஐந்து நாள் ஊசி. அதனால் உடம்புவலி, எலும்புக் குடைச்சல் இருக்கும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியேறி, இயந்திரத்தில் செல்களைப் பிரித்துவிட்டு மறு கை வழியே திரும்பும். சில மணி நேர வேலை. எடுத்த செல்களை உடம்பு சில வாரங்களில் ஈடுசெய்துவிடும். பெரியவருக்கும் போதுமான அளவு கிடைக்கும், கொடி ரத்தத்தைவிட வேகமாக வேர்பிடிக்கும். பாதிப் பொருத்தமே உள்ள தாய், தந்தையின் செல்லைக்கூட இப்போது பயன்படுத்த முடிகிறது. வேலூர் சி.எம்.சி. 1986இல் மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கியபோது இதெல்லாம் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது.

ஆனால் இந்த வழியிலும் ஓர் அறப் பொறுப்பு உண்டு, அதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். செல் ஏற்றுவதற்கு முன் நோயாளியின் சொந்த மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழித்துவிடுவார்கள். அதன்பின் கொடையாளர் "வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று பின்வாங்கினால், அங்கே ஒரு உயிர் அந்தரத்தில் நிற்கும். அதனால் கொடையாளர் படிவத்தில் நான் கையெழுத்துப் போடும் முன் மனைவிக்கு போன் செய்தேன். என்றாவது ஒருநாள் அழைப்பு வந்தால் தடுக்க மாட்டாயே என்று கேட்டேன். முதுகெலும்பில் ஊசி போடுவார்களா, வேலைக்குப் போக முடியாதா, நம் பிள்ளைக்கே பின்னால் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று அரை மணி நேரம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, அவள் சரி என்ற பிறகே கையெழுத்து.

தங்கை அந்தத் திட்டத்தில் சேரவில்லை. பிரசவத்தன்று மருத்துவரிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். ஒரு நிமிஷம் பொறுத்தே கொடியைக் கட்டினார்கள். பெண் குழந்தை.

எட்டாம் நாள் காய்ந்து உதிர்ந்த கொடியை அம்மா எடுத்துப் பத்திரப்படுத்தினாள். தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். அதற்குள், "ஸ்டெம் செல் சேமிப்பை அன்றே கண்ட நம் முன்னோர்" என்ற வாட்ஸ்அப் செய்தியை மாமா குடும்பக் குழுவில் போட்டிருந்தார். காய்ந்த கொடியில் உயிருள்ள ஒரு செல்கூட இருக்காது மாமா, உயிரோடு இருக்க நைட்ரஜன் குளிர் வேண்டும் என்று பதில் எழுதினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தாள்.

"மருந்துன்னு யாருடா சொன்னா? உனக்கும் கட்டினேன், அவளுக்கும் கட்டினேன். அதுக்காகத்தான்" என்றாள்.

வெள்ளித் தாயத்தின் மூடியைத் திருகிக் கொடுத்தேன். அவளே கட்டிவிட்டாள்.